வண்டி ஓட்டத் தெரியாது

தெரியாது என்று என் வாய்தான் சொன்னது. வேறு யாரும் என் சார்பில் சொல்லவில்லை. "வண்டி ஓட்டத் தெரியாதவங்க யாரெல்லாம் இருக்கீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள், எங்களுக்குப் பாண்டிச்சேரியைச் சுற்றிக்காட்ட வந்தவள், பெர்னதெத் என்று பெயர், முப்பது வயதிருக்கும், வெயிலுக்காக முழங்கைவரை துணி உறை மாட்டியிருந்தாள். கேட்டதுதான் தாமதம், முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி நான் கையைத் தூக்கிவிட்டேன். ஓட்டத் தெரியும் எனக்கு. போன வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி மைதானத்தில் தம்பி மகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, லைசென்ஸும் எடுத்து, பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது திட்டம். எல்லார் என்ன எல்லார், தணிகாசலம் சார் முன்னால். அவர்தான் பஸ்ஸில் ஒருநாள், "நீங்களும் ஒரு வண்டி கத்துக்கலாமே டீச்சர், எத்தனை நாளைக்கு இந்த பஸ்ஸை நம்பிட்டு இருக்கறது" என்றார். சொன்னது அவருக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்குமா. ஆனால் அந்த நிமிஷம் பார்த்தால் அவர் ஒரு நீல வண்டியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார், பின்சீட்டு காலி. ஒரு வருஷத்து ரகசியத்தை அந்தச் சீட்டுக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். சீட்டும் கிடைக்கவில்லை. எங்கள் எச்.எம். வேதவல்லி மேடம் இருக்கிற இடத்தில் ஒரு டீச்சர் ஒரு சார் பின்னால் உட்கார்ந்து போய்விட முடியுமா. "மரகதம், நீங்க அந்தப் பொண்ணு பின்னாடி உக்காந்துக்குங்க. லேடீஸ் லேடீஸோட" என்று தீர்ப்பு வந்துவிட்டது. அதோடு விட்டதா என்றால் இல்லை. "கடைசி வண்டியில பொறுப்பானவங்க யாராவது வரணும், யாரும் வழி தப்பாம பாத்துக்கணும்" என்றாள் பெர்னதெத். எல்லாரும் ஒரே குரலில் தணிகாசலம் சார் என்றார்கள். ஆக முதல் வண்டியில் நான், கடைசி வண்டியில் அவர், நடுவில் முழு ஸ்டாஃப் ரூமும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறது.

புடவை என்பதால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறேன், இடப்பக்கம் பார்த்து. கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறோம், கடல் இடப்பக்கம், ஆகவே எனக்குக் கடல் மட்டும்தான் தெரிகிறது. கருங்கற்களும் கற்களில் அடித்துச் சிதறுகிற தண்ணீரும், கற்களின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிற ஜோடிகளும். ஹெல்மெட்டில் யாரோ தலையில் தடவியிருந்த தேங்காயெண்ணெய் வாசனை, எத்தனை பேர் தலை போய் வந்ததோ. திரும்பிப் பார்க்கலாம் என்றால் ஹெல்மெட் தோளில் இடிக்கிறது. பெர்னதெத்தின் வலது கண்ணாடியில் எட்டிப் பார்த்தால் பி.டி. சாரின் வயிறு தெரிகிறது, அதற்குப் பின்னால் ஒரு துண்டு வானம். தணிகாசலம் சார் எங்கேயோ கடைசியில் வருகிறார், என் கண்ணில் படாமல் வருகிறார், இதுவும் ஒரு வகையில் பழகினதுதான். பதினாறு வருஷமாய்ப் பென்னாகரம் போகிற டவுன் பஸ்ஸில் நான் இடப்பக்க லேடீஸ் சீட்டு, அவர் வலப்பக்கம் இரண்டு வரிசை பின்னால். திரும்பினால்தான் முகம், திரும்பாவிட்டால் குரல். நான் குரலையே வைத்துக்கொண்டு வாழ்ந்தவள். டிக்கெட் வாங்குகிற குரல், பையன்களை "டேய், படியிலேர்ந்து மேல ஏறு" என்கிற குரல், மனைவி போன பிறகு ஒரு மாதம் போல ஒன்றும் பேசாமல் இருந்தாரே அந்தச் சத்தமில்லாமையும் எனக்குக் கேட்டது. அதைக்கூடக் கேட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள். பாட்டனி டீச்சர், ஐம்பத்து நாலு வயசு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன், யாருக்கும் ஞாபகமில்லை. முதலில் தங்கைகள், அப்புறம் அம்மாவின் படுக்கை, அப்புறம் தம்பி வீட்டு மாடி ரூம். யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

போன வியாழக்கிழமை அவர் கேட்டார். அல்லது கேட்டார் என்று நான் நினைக்கிறேன். அதைத்தான் ராத்திரி பகலாய் உருட்டிக்கொண்டிருக்கிறேன். பஸ் காலியாக இருந்தது, பரீட்சை முடிந்துவிட்டது, அவர் முதல் தடவையாய் எனக்கு நேர் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தார், நடுவில் நடைபாதை மட்டும். ரிட்டயர்மென்ட் ஆகிறது, மகள் கனடாவில் இருக்கிறாள், அப்பா இங்கேயே வந்துடுங்க என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள், வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்த்தாகிவிட்டது, எல்லாம் தெரிந்ததுதான். அன்றைக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "போகணுமான்னு இருக்கு டீச்சர். இருங்கன்னு யாராவது ஒருத்தர் சொன்னா இருந்துடலாம்னுகூடத் தோணுது" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். திரும்பினாரா, இல்லை கண்டக்டரைப் பார்த்தாரா. என் பக்கம்தான் திரும்பினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "பொண்ணு கூப்பிட்டா போகணும்ல சார்" என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். ஏதோ பக்கத்து வீட்டுக்காரருக்குப் புத்தி சொல்கிற மாதிரி. அவர் "ஆமாமா" என்றார். அப்புறம் ஸ்டாப் வந்துவிட்டது. இருங்க என்கிற ஒரு வார்த்தை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிற வார்த்தை, இருங்க காபி சாப்பிட்டுப் போகலாம், இருங்க சில்லறை தரேன் என்று நாளெல்லாம் சொல்கிறேன், அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது அது. இன்றைக்கு வழியனுப்பு சுற்றுலா. சுற்றிப் பார்த்து முடித்து வாடகை வண்டிகளைக் கடையில் விட்டதும் நாங்கள் வேனில் தர்மபுரி திரும்புகிறோம், அவர் திரும்பவில்லை. இங்கிருந்தே சென்னை, தம்பி வீடு, அங்கிருந்து விமானம். அவருடைய பெரிய பெட்டி வேனின் பின்னால் எங்கள் முறுக்கு டப்பாக்களோடு இருக்கிறது. ஆகவே வண்டிகள் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் சொல்ல வேண்டும். சொல்லியாக வேண்டும்.

"ரைட்ல பாருங்க மேடம், பழைய லைட் ஹவுஸ்" என்கிறாள் பெர்னதெத். அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறேன். வெள்ளையாய் உயரமாய் நிற்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். கையை உயர்த்தி வண்டியை ஓரம் கட்டுகிறாள், அவள் கையைத் தூக்கினால் எல்லாரும் நிற்க வேண்டும் என்பது விதி, பின்னால் வரிசையாய் பிரேக் சத்தம். இறங்கினேன். இப்போது சொல்லிவிட வேண்டியதுதான், அவர் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார், பக்கத்தில் யாரும் இல்லை, நான்கு எட்டு வைத்தால் போதும். வைத்தேன். "சார்." "சொல்லுங்க டீச்சர்." அவர் முகத்தில் ஹெல்மெட் அழுத்தின கோடு, நெற்றியில், சின்னப் பிள்ளைக்குத் தூங்கி எழுந்தால் கன்னத்தில் பாய்க்கோடு இருக்குமே அப்படி. அதைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று. "வெயில் ஜாஸ்தியா இருக்கு சார்" என்றேன். "மே மாசம்ல" என்றார். எங்கள் பதினாறு வருஷமும் இந்த லட்சணம்தான். மழை வரும்போல இருக்கு, ஆமாமா. பஸ் லேட்டு, ஆமாமா. எச்.எம். மேடம் வந்து, எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கலாம், சார் நடுவுல நில்லுங்க, லேடீஸ் இந்தப் பக்கம் என்று வரிசைப்படுத்தினார். நான் ஓரத்தில். அந்தப் போட்டோவில் என் பாதி முகம்தான் விழுந்திருக்கும்.

திரும்ப ஏறி, உள் தெருக்களில் போகிறோம். மஞ்சள் சுவர், சாம்பல் சுவர், அடுத்தது மறுபடி மஞ்சள், சுவரை மீறித் தெருவில் வந்து விழுகிற காகிதப்பூ, எங்கிருந்தோ ரொட்டி வேகிற வாசனை. அழகாய்த்தான் இருக்கிறது. அழகாய் இருப்பதே எனக்குத் தாங்கவில்லை. ஒரு வீட்டு மாடியில் வயதான இரண்டு பேர், ஆணும் பெண்ணும், எதிரெதிர் நாற்காலியில், பேசாமல், கீழே போகிற எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள், அவர் பார்க்காமலே எடுத்துக்கொண்டார். வண்டி தாண்டிவிட்டது. எனக்கு அதுதான் வேண்டும். வேறெதுவும் வேண்டாம், கனடாவும் வேண்டாம் கடலும் வேண்டாம், நான் ஒரு தட்டை நகர்த்த வேண்டும், அவர் பார்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் போய் யாரிடம் கேட்பது. தம்பி என்ன சொல்வான், தம்பி பெண்டாட்டி என்ன சொல்வாள், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அது இன்னும் மோசம். பிளஸ் டூ பையன்கள் சுவரில் எழுதுவார்கள். எழுதட்டும். இல்லை, எழுதினால் நான் செத்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடக்கிறது, அவர் அன்றைக்கு என்னைக் கேட்கவே இல்லை, சும்மா அலுப்பில் சொன்னார், நான் போய் இருங்க என்றால் அவர் பதறிப்போய் மரியாதையாய், ரொம்ப மரியாதையாய், "என்ன டீச்சர் இது" என்று சொல்லிவிடுவாரோ என்கிற பயம். மனைவி போன பதினாறாம் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவர் சமையலறையில் போய் நின்று எந்த டப்பாவில் சர்க்கரை என்று தெரியாமல் ஒவ்வொன்றாய்த் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போயிருக்கலாம். ஒரு சர்க்கரை டப்பாவைத் தேடிக் கொடுக்க யாருடைய அனுமதி வேண்டும். போகவில்லை. அன்றிலிருந்து அந்த வாசலிலேயேதான் நிற்கிறேன் என்று தோன்றுகிறது. "பாத்து உக்காருங்க மேடம், ஸ்பீட் பிரேக்கர்" என்கிறாள் பெர்னதெத். தூக்கிப்போட்டது. "நீங்க வண்டியில நல்லா பேலன்ஸ் பண்றீங்களே, ஓட்டிப் பழகுனவங்க மாதிரி" என்று வேறு சொல்கிறாள். நான் காதில் விழாதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

இருதய ஆண்டவர் கோயிலில் ஒரு நிறுத்தம், அங்கே அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் வண்ணக் கண்ணாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார், நான் அவர் பார்க்கிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வெளியே வந்துவிட்டோம். பெரிய மார்க்கெட்டில் ஒரு நிறுத்தம், அவர் பேத்திக்கு ஒரு மரக்குதிரை வாங்கினார், "நல்லா இருக்கா டீச்சர்?" என்று என்னிடம் காட்டினார், நல்லா இருக்கு சார் என்றேன், அவரோடு போகப்போகிற அந்தக் குதிரையின் அதிர்ஷ்டத்தை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நிறுத்தமும் வருகிறது, போகிறது, ஒவ்வொன்றிலும் சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்து திரும்பிப் போகிறது. ஒருவேளை அவர் போனபின் போனில் சொல்லலாம், அங்கே பகலாய் இருக்கும்போது இங்கே இருட்டு, என்ன பேச்சு இது, போனபின் இருங்க என்று சொல்ல முடியுமா. கடைசியாக வைத்திக்குப்பம், மீனவர்கள் இருக்கிற இடம், மணலில் படகுகள், வலை உலர்த்தியிருக்கிறார்கள், காய்கிற கருவாட்டின் வீச்சம். இதற்கப்புறம் நேராகக் கடைதான். இறங்கினவுடன் எச்.எம். மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு, சீக்கிரம் கிளம்பலாம் என்றார். எனக்கு மட்டும் அந்த வீச்சத்தில் இன்னும் கொஞ்ச நேரம், ராத்திரிவரைக்கும்கூட நிற்கலாம்போல் இருந்தது. கிளம்பலாம் என்று எல்லாரும் வண்டியை எடுத்தபோது கடைசியிலிருந்து அவர் குரல் வந்தது, "ஒரு நிமிஷம்மா, பின் டயர்ல காத்து இல்ல."

பஞ்சர். பெர்னதெத் போய்க் குனிந்து பார்த்தாள், கடைக்குப் போன் போட்டாள், பேசிவிட்டு வந்தாள். "மெக்கானிக் வந்துட்டிருக்காரு, நான் இங்க இருந்து வண்டியை எடுத்துட்டு வந்துடறேன். உங்களுக்கு வேனுக்கு நேரமாச்சு, நீங்க போயிடுங்க. நேரா போனா அஜந்தா சிக்னல், அதுல லெஃப்ட் எடுத்தா நம்ம கடை" என்றாள். அப்புறம் தன் வண்டிச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "சார், நீங்க என் வண்டியை எடுத்துக்குங்க. மேடம் பின்னாடி உக்காந்துக்குவாங்க." மேடம் என்றது என்னை. எச்.எம். மேடம் வாயைத் திறந்தார், வேறு வழி எதுவும் அகப்படவில்லை, மூடிக்கொண்டார். கேட்டது கிடைத்துவிட்டது. எதற்காகப் பொய் சொன்னேனோ அது, தட்டில் வைத்து, எல்லார் முன்னாலும், எச்.எம். சம்மதத்தோடு. அவர் சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார், சீட்டில் எனக்கு நிறையவே இடம் விட்டு முன்னால் தள்ளி. "உக்காருங்க டீச்சர்" என்றார். அந்த முதுகைப் பார்த்தேன். வெளிர்நீலச் சட்டை, வியர்வை முதுகில் படம் போட்டிருந்தது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அவர் சட்டையின் வாசனையை மோந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். சந்தோஷமாய் வேறு இருப்பேன். இன்னும் இருபது வருஷம் அந்த ஐந்து நிமிஷத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன், தம்பி வீட்டு மாடியில், அவர் இல்லாமல். என்னை எனக்குத் தெரியாதா.

"நீங்க பின்னாடி உக்காருங்க சார், நான் ஓட்டறேன்" என்றேன். பி.டி. சார் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தெரியாதுன்னு சொன்னீங்களே மரகதம்" என்றார் எச்.எம். மேடம். "தெரியும் மேடம்" என்றேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி நின்றார், தணிகாசலம் சார். சாவியைக் கேட்டுக் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார். புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன், ஸ்டாண்டை எடுத்தேன், ஸ்டார்ட் செய்தேன், தம்பி மகள் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். மற்றவர்கள் ஒவ்வொருவராய்த் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கிளம்பினார்கள், அதுவரை வேறொரு டீச்சர் பின்னால் வந்த மேடமும் பி.டி. சார் பின்னால் ஏறிப் போய்விட்டார், லேடீஸ் லேடீஸோட என்கிறதெல்லாம் அவருக்கே அந்தக் குழப்பத்தில் மறந்துபோய்விட்டது. தணிகாசலம் சார் இன்னும் ஏறவில்லை. பக்கத்தில் நின்று, மெதுவாய்த்தான் கேட்டார். "எப்ப கத்துக்கிட்டீங்க?" "போன வருஷம். நீங்க சொன்னீங்களே பஸ்ஸில." "அப்புறம் ஏன் டீச்சர் தெரியாதுன்னீங்க?" நான் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "உங்க வண்டியில உக்காரலாம்னுதான் அப்படி சொன்னேன் சார்."  அவர் ஹெல்மெட் பட்டையை இழுத்து மாட்டினார். பிறகு வண்டி கீழே அமிழ்ந்தது, அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தெருவின் இரண்டு பக்கமும் தெரிகிறது இப்போது, ஆனால் எனக்கு எதையும் பார்க்க முடியவில்லை. பின்னால் அவர் எடை மட்டும் இருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டேனோ, வயசான காலத்தில் கேவலமாய்ச் சொல்லிவிட்டேனோ, இறங்கினதும் மரியாதையாய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ. முன்னால் எங்கள் ஆட்கள் சிக்னலில் இடப்பக்கம் திரும்புகிறார்கள், பி.டி. சார் முதுகுக்குப் பின்னால் மேடத்தின் கைப்பை ஆடுகிறது, நாங்கள் போய்ச் சேருவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. நிறுத்தினேன். வலப்பக்கம் ஒரு ஆட்டோ, இடப்பக்கம் ஒரு பஸ், பஸ்ஸின் சூடு காலில் அடிக்கிறது. இனிமேல் நிறுத்தம் கிடையாது. இதை விட்டால் கடை. திரும்பிப் பார்க்காமலே சொன்னேன், ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே பெரிதாய்க் கேட்டது. "போகாதீங்க சார். இங்கயே இருங்க." ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டார்.   பஸ் உறுமிக்கொண்டே இருக்கிறது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

"கேக்கலையா சார்?"

"கேட்டுச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிக்னல் விளக்கு கரைந்து ஓடுகிறது, துடைக்கலாம் என்றால் ஹெல்மெட் கண்ணாடி மூடியிருக்கிறது. "இருங்க" என்றேன். "எங்கேயும் போகாதீங்க, இருங்க." விளக்கு பச்சையாகிவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், நான் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். அவர் குரல் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது, பஸ்ஸில் ஒருநாளும் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

"திரும்ப வேண்டாம், நேரா போங்க."